கிரேக்கக் கடலில் திசை தவறாதிருக்க: அசாசின்ஸ் கிரீட் ஒடிசியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

திருகோணமலையில் எங்கள் நண்பர் வட்டத்தில் ஒன்பது பேர் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ என்ற வீடியோ கேமைத் தொடங்கினோம். கதையை முடிவுவரை கொண்டுபோனவர்கள் நால்வர். இடையில் நிறுத்திய ஐவரில் ஒருவர்கூட அது மோசமான விளையாட்டு என்று சொல்லவில்லை. “நல்லாத்தான் இருக்கு, ஆனா முடியிற மாதிரித் தெரியேல்ல” என்பதுதான் ஐவர் வாயிலும் வந்த பேச்சு. நானும் முதல் தடவை அப்படியே நிறுத்தியவன். அறுபது மணித்தியாலத்துக்கு மேல் ஆடியும் கதையில் பாதியைத் தாண்டாமல், வரைபடத்தில் இன்னும் நூற்றுக்கணக்கான குறிகள் மிச்சமிருப்பதைப் பார்த்து அலுத்துப்போய் மூடி வைத்தேன். ஏழு மாதம் கழித்துப் புதிதாகத் தொடங்கி, அதே உலகத்தை வேறு விதமாக நடந்து பார்த்தபோதுதான் அது எனக்கு மிகவும் நெருக்கமான விளையாட்டாயிற்று. அந்த இரண்டாவது தடவையில் விளங்கியதையும், வட்டத்தில் மற்றவர்கள் ஆடிப் பார்த்துச் சொன்னதையும் சேர்த்து, இனித் தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கியூபெக் கிளை உருவாக்கிய இந்த விளையாட்டு 2018 ஒக்டோபர் 5 அன்று வெளிவந்தது. கி.மு. 431 இல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே மூண்ட பெலொப்பொனேசியப் போரின் முதல் ஆண்டுகளே கதையின் காலம். நீங்கள் ஒரு கூலிப்போர்வீரராக, அலெக்சியோஸ் என்ற ஆணாகவோ கசாந்திரா என்ற பெண்ணாகவோ, பிரிந்துபோன குடும்பத்தைத் தேடிக் கிரேக்கம் முழுவதும் அலைகிறீர்கள். பிரதான கதைக்கு மட்டும் நாற்பது முதல் ஐம்பது மணித்தியாலம் தேவைப்படும். கண்ணில் பட்டதையெல்லாம் செய்யப் புறப்பட்டால் நூறு மணித்தியாலத்தை எளிதில் தாண்டும். இந்த எண்களை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தப் பருமனுக்குள் மூழ்காமல் இருப்பதற்கான வழியே. இதே வரிசையில் வந்த முந்தைய விளையாட்டுகளை ஆடியிருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை, நிகழ்காலத்தில் நடக்கும் சில சிறு காட்சிகள் மட்டும் முந்தைய கதையைத் தொட்டுச் செல்லும், அவை புரியாவிட்டாலும் கிரேக்கக் கதைக்குக் குறைவில்லை.

வாங்குவதற்கு முன்

முதலில் உங்கள் கணினியைப் பாருங்கள். வெளியீட்டாளர் குறிப்பிட்ட குறைந்தபட்சத் தேவை இன்டெல் ஐ5 2400 அல்லது ஏஎம்டி எஃப்எக்ஸ் 6300 செயலி, 8 ஜிபி ரம், 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 660 அல்லது அதற்கு இணையான கிராபிக்ஸ் கார்ட். இவை இருந்தால் 720பி அளவில், தாழ்ந்த தரத்தில், நொடிக்கு 30 சட்டகங்களுடன் (ஃபிரேம்) ஆடலாம். 1080பி அளவில் நல்ல தரத்தில் பார்க்க விரும்பினால் ஜிடிஎக்ஸ் 970 அளவிலான கார்ட் வேண்டும். வன்தட்டில் 46 ஜிபிக்கு மேல் வேண்டும் என்று சொல்லப்பட்டாலும், பின்னர் வந்த திருத்தங்களையும் விரிவாக்கங்களையும் கருதி 100 ஜிபிக்கு மேல் ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் அந்த இடம் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், ஏனென்றால் ஒரு நகரிலிருந்து இன்னொரு நகருக்குத் தாவும்போது காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றிலும் ஆடலாம். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு 2021 ஓகஸ்டில் வந்த திருத்தத்தின் பின் நொடிக்கு 60 சட்டகங்கள் கிடைக்கின்றன.

முழு விலை கொடுத்து வாங்க வேண்டாம். விளையாட்டு வெளிவந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் இணையக் கடைகளின் பருவகால விற்பனையில் முக்கால்பங்கு விலை குறைவது வழமையாகிவிட்டது. உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை விற்பனை தொடங்குவதற்கு முன்பே வங்கியில் கேட்டுச் சரிசெய்து வையுங்கள். ஒரு கடையில் வன்தட்டில் பிரதிபண்ணிக் கொடுத்த திருட்டுப் பதிப்பைத்தான் நான் முதலில் எடுத்து வந்தேன். அது ஏதென்சின் வாசலில் ஒவ்வொரு தடவையும் நின்றுபோனது, திருத்தங்களும் அதற்குக் கிடைக்கவில்லை. காசைச் சேர்த்து வைத்து முறையாக வாங்குவதே கடைசியில் மலிவு.

தரவிறக்கத்தைப் பொறுத்தவரை, எங்கள் ஊரில் பெரும்பாலானோர் செய்வதுபோல இரவு நேர டேட்டா ஒதுக்கீட்டைப் பயன்படுத்துங்கள். நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியற்காலையில் இடைநிறுத்தினால் நான்கைந்து இரவுகளில் முடிந்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதால் பயப்படத் தேவையில்லை. மின்தடை ஏற்படும் இடத்தில் இருப்பவர்கள் ஒரு சிறிய யூபிஎஸ் இல்லாமல் ஆடத் தொடங்காதீர்கள். விளையாட்டு தானாகச் சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போய், எங்கள் நண்பர் ஒருவருடைய சேமிப்புக் கோப்பு பழுதாகியது. முப்பது மணித்தியாலம் ஆடியது அதோடு போயிற்று. அதன்பின் நாங்கள் எல்லோரும் ஒரே கோப்பை நம்பாமல், மெனுவுக்குள் போய் வெவ்வேறு இடங்களில் மாறி மாறி மூன்று கோப்புகளாகச் சேமித்துக்கொள்கிறோம். இந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

முதல் தடவை திறக்கும்போது

தொடக்கத்தில் விளையாட்டு உங்களிடம் சில தெரிவுகளைக் கேட்கும். அவற்றை அவசரப்பட்டு அழுத்திக் கடந்துவிடாதீர்கள், அவற்றில் ஒன்று உங்கள் முழு அனுபவத்தையும் மாற்றக்கூடியது. அதுதான் ஆடும் முறை பற்றிய தெரிவு. ‘வழிகாட்டும் முறை’யில் போகவேண்டிய இடம் திரையில் குறியாகத் தெரியும், நீங்கள் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே ஓடுவீர்கள். ‘தேடும் முறை’யில் குறி இராது. அதற்குப் பதிலாக, நீங்கள் தேடும் ஆள் இன்ன பிரதேசத்தில், இன்ன ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கிறான் என்பதுபோல இரண்டு மூன்று துப்புகள் மட்டும் கிடைக்கும். வரைபடத்தைப் பார்த்து, அந்த ஊரைக் கண்டுபிடித்து, அருகே போனதும் இக்காரோஸ் என்ற உங்கள் கழுகைப் பறக்கவிட்டு மேலிருந்து தேட வேண்டும்.

தேடும் முறையையே தெரிவுசெய்யுங்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். எங்கள் வட்டத்தில் கதையை முடித்த நால்வரும் அந்த முறையில் ஆடியவர்கள். வழி சொல்லும் விதமே நமக்குப் பழக்கமானது: கன்னியா வெந்நீரூற்றுக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டால் நாம் அவர் கையில் அம்புக்குறியைக் கொடுப்பதில்லை, அனுராதபுர வீதியில் போய், சந்தியில் திரும்பி, இன்னதைத் தாண்டியதும் பாருங்கள் என்கிறோம். அப்படிச் சொல்லக் கேட்டுப் போனவருக்குத்தான் வழியில் இருக்கும் மரமும் மதகும் நினைவில் நிற்கும். குறியைப் பின்தொடர்ந்து ஓடியவர்களிடம் மெகாரிஸ் என்ற பிரதேசம் எப்படி இருந்தது என்று கேட்டால் எதுவும் சொல்லத் தெரிவதில்லை. இந்தத் தெரிவைப் பின்னர் அமைப்புகளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், சிரமமாக இருந்தால் திரும்பிவிடவும் வழி உண்டு.

கசாந்திராவா அலெக்சியோசா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கதை இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கசாந்திராவுக்குக் குரல் கொடுத்த மெலிசாந்தி மஹூட்டின் நடிப்பு 2018 ஆம் ஆண்டின் கேம் விருதுகளில் சிறந்த நடிப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது, அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர். என் மச்சாள் ஒருத்தி வீடியோ கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள்; கசாந்திரா ஒரு சிறுமியிடம் பேசும் காட்சியை ஒருநாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, அடுத்த வாரமே தானும் தொடங்கினாள். அவள் இப்போது எங்கள் எல்லோரையும் விட நன்றாக ஆடுகிறாள்.

கடின நிலையைச் சாதாரணத்தில் வையுங்கள். தமிழ் வசனவரி இல்லை, ஆகையால் ஆங்கில வசனவரியைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்; கிரேக்க உச்சரிப்போடு பேசும் ஆங்கிலம் முதல் சில மணித்தியாலங்களுக்குக் காதில் பிடிபடாது. ‘மிஸ்தியோஸ்’ என்றால் கூலிப்போர்வீரர், ‘திராக்மா’ என்றால் காசு, ‘கைரே’ என்றால் வணக்கம். இந்த மூன்றும் தெரிந்தால் தொடங்கலாம். கணினியில் ஆடுபவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு: படம் விட்டு விட்டு ஓடினால் எல்லாத் தரங்களையும் குறைக்காமல் முதலில் மேகங்களின் தரத்தை மட்டும் ஒரு படி இறக்கிப் பாருங்கள். இந்த விளையாட்டில் கிராபிக்ஸ் கார்டை அதிகம் களைப்படையச் செய்வது வானத்து மேகம்தான். சித்திரை வெயிலில் நம் ஊரில் மடிக்கணினியில் ஆடுபவர்கள் சட்டக எண்ணிக்கையை 30 இல் கட்டிவைத்தால் சூடும் விசிறிச் சத்தமும் அடங்கும்.

கெபலோனியா: முதல் தீவில் நிதானம்

லியோனிடாஸ் மன்னன் தெர்மோபிலேயில் பாரசீகப் படையை எதிர்த்து நின்ற கி.மு. 480 ஆம் ஆண்டுப் போரோடு விளையாட்டு தொடங்குகிறது. அது தாக்குவதையும் தடுப்பதையும் பழகுவதற்கான களம். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தாண்டி, கெபலோனியா என்ற தீவில் நீங்கள் கண்விழிக்கிறீர்கள். வேண்டியவரும் கடன்காரருமாக மார்க்கோஸ், உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் அநாதைச் சிறுமி ஃபீபி, போபோஸ் என்ற குதிரை, எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன.

இந்தத் தீவு முழுவதும் ஒரு பயிற்சிக்கூடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இங்கே நீங்கள் பழக வேண்டியவை மூன்று. உயரமான இடங்களில் ஏறிச் சுற்றுப்புறத்தைப் பார்த்துப் பதிந்துகொள்வது முதலாவது. பதிந்த இடத்துக்குப் பின்னர் நினைத்தவுடன் தாவி வரலாம். மலைமேல் நிற்கும் கிரேக்கக் கடவுள் சேயுசின் பெரிய சிலையில் ஏறி நின்று, கீழே வெள்ளை மணலும் நீலக் கடலுமாகத் தீவு விரிவதைப் பார்க்கும்போது, சுவாமிமலை உச்சியில் கோணேசர் கோயிலின் பின்புறச் சுவரோரம் நின்று கீழே கடலைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் நெஞ்சு நிறையும். இரண்டாவது, சண்டைக்குப் போகுமுன் கழுகைப் பறக்கவிட்டு எதிரிகள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது. மூன்றாவது, ஆட்களின் பேச்சைக் கடைசிவரை கேட்பது.

மூன்றாவதை ஏன் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம். தீவில் கௌசோஸ் என்ற ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. அங்கே கொள்ளைநோய் வந்திருக்கிறது. பூசாரி ஒருவர், மிச்சமிருக்கும் ஒரு குடும்பத்தைக் கொல்லாவிட்டால் நோய் பரவிவிடும் என்கிறார். அந்தக் குடும்பம் உங்கள் முன்னால் மண்டியிட்டு, தாங்கள் சுகமாக இருக்கிறோம், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறது. என்ன செய்வது என்று விளையாட்டு உங்களைக் கேட்கிறது. பிரதான கதையில் இது இல்லை. அந்தப் பக்கம் போகாதவருக்கு இது நடக்கவே நடக்காது. சின்னம்மாவின் மகன் இதை ஆடி முடித்த இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பெடுத்து, “அண்ணா, அந்தச் சனத்த விட்டது பிழையோ?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. நீங்களும் யாரிடமும் கேட்காமல் முடிவெடுங்கள். அதன் பலன் வெகுநேரம் கழித்து, நீங்கள் இந்தத் தீவையே மறந்திருக்கும்போது, உங்கள் காதுக்கு வரும்.

தீவை விட்டுப் புறப்படுமுன் பக்கத்திலிருக்கும் இத்தாக்காவுக்கும் போய் வாருங்கள். ‘ஒடிசி’ காவியத்தின் நாயகன் ஒடிசியசின் அரண்மனை என்று சொல்லப்படும் இடிபாடு அங்கே இருக்கிறது, விளையாட்டின் பெயரோடு தொடர்புள்ள இடத்தைப் பார்க்காமல் போகக்கூடாது. அதற்கு மேல் தங்க வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்குறியையும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று நான் கெபலோனியாவில் எட்டு மணித்தியாலம் செலவழித்ததுதான் முதல் தடவை நான் செய்த பெரிய பிழை.

மட்டம், திறன், ஆயுதம்

கதை நடுப்பகுதிக்கு வரும்போது பலர் முட்டுப்படும் இடம் மட்டம், அதாவது பலத்தைக் காட்டும் ‘லெவல்’ எண். ஒவ்வொரு பிரதேசத்துக்கும், ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு மட்டம் இருக்கிறது. உங்களைவிட மிகவும் மேலான எதிரியின் தலைக்குமேல் சிவப்பு மண்டையோடு தெரியும். அப்படிப்பட்டவனை நீங்கள் எத்தனை வெட்டு வெட்டினாலும் அவனுக்கு உறைக்காது. பிரதான கதையை மட்டும் நேராகப் பிடித்துக்கொண்டு போனால், அடுத்த கதைப் பகுதிக்கு உங்கள் மட்டம் போதாது என்று விளையாட்டு வழியை மறிக்கும். வெளிவந்த காலத்தில் ஆட்டக்காரர்கள் அதிகம் குறைப்பட்டது இதைப் பற்றியே. மட்டத்தை உயர்த்தும் அனுபவப் புள்ளிகளை நிரந்தரமாகக் கூட்டித்தரும் ஒரு பொருளை விளையாட்டுக்குள்ளேயே உண்மையான காசுக்கு விற்றதால் அந்தக் கோபம் இன்னும் கூடிற்று. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதை வாங்கவேண்டிய தேவை உங்களுக்கு வராது, பக்கக் கதைகளைச் சரியாகப் பொறுக்கினால் போதும்.

பொறுக்கும் முறை இதுதான். பெயருள்ள ஒரு மனிதர், சொந்தக் கதையோடு உங்களிடம் வந்து உதவி கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். அவற்றில் எழுத்து நன்றாக இருக்கும், புள்ளிகளும் கணிசமாகக் கிடைக்கும். அறிவித்தல் பலகைகளில் தொங்கும் வேலைகளும், மணற்கடிகாரக் குறியுள்ள நேரக் கட்டுப்பாட்டு வேலைகளும் விளையாட்டு தானாகவே முடிவில்லாமல் உருவாக்கிக்கொண்டிருப்பவை. பலகையிலிருந்து ‘ஐந்து கொள்ளையரைக் கொல்’, ‘மூன்று கப்பலை மூழ்கடி’ போன்றவற்றை மொத்தமாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் பாட்டில் போங்கள், வழியில் அவை தாமாக முடியும். அவற்றுக்காக ஓரடிகூடத் திசை மாற வேண்டாம்.

திறன்கள் வேட்டை, போர், மறைந்து கொல்லுதல் என்று மூன்று கிளைகளாகப் பிரிந்திருக்கின்றன. முதல் புள்ளிகளில் ஒன்றைப் போர்க் கிளையிலுள்ள ‘இரண்டாம் மூச்சு’ என்ற திறனில் போடுங்கள். சண்டையின் நடுவே உயிரை மீட்டுத் தருவது அதுதான். அதே கிளையிலுள்ள ஸ்பார்ட்டா உதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலை விளிம்பில் நிற்கும் எதிரிக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. பிழையாகப் போட்டுவிட்டால் சிறிது திராக்மா கொடுத்து எல்லாப் புள்ளிகளையும் திரும்பப் பெற்று மாற்றிப் போடலாம் என்பதால் தயங்க வேண்டாம்.

ஆயுதங்களில் ஒரே எச்சரிக்கை. கொல்லனிடம் போய் ஒவ்வோர் ஆயுதத்தையும் மேம்படுத்தாதீர்கள். இரண்டு மட்டம் ஏறுவதற்குள் அதைவிட நல்லது கீழே கிடந்து எடுப்பீர்கள். கைக்குத் தேவையில்லாததை உடைத்து மூலப்பொருளாக்குங்கள். மரத்தை மட்டும் எக்காலத்திலும் சேமியுங்கள், அம்புக்கும் அதுதான், கப்பலுக்கும் அதுதான்.

யாராவது பார்க்கக் களவெடுத்தாலோ கொன்றாலோ உங்கள் தலைக்கு விலை வைக்கப்படும், கூலிப்போர்வீரர்கள் தேடி வருவார்கள். தொடக்கத்தில் இரண்டு பேர் ஒன்றாக வந்தால் தாங்க முடியாது. வரைபடத்தைத் திறந்து காசைக் கட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள். மானப்பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாமல் கட்டிவிடுங்கள்.

கடலுக்கு இறங்குதல்

ஒற்றைக்கண் மாலுமி பார்னபாசைக் காப்பாற்றியதும் அட்ரெஸ்தியா என்ற கப்பல் உங்கள் கைக்கு வருகிறது. இதுதான் ஒடிசியின் உண்மையான தொடக்கம். நம்மைப்போலக் கடலோரத்தில் பிறந்தவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்பார்கள். மூதூருக்கு வள்ளத்தில் போய்வந்த, உள்துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, காற்றைப் பார்த்துப் பாயை விரிப்பதும், அலை முகப்பில் மோதித் தண்ணீர் தளத்தில் தெறிப்பதும் வெறும் காட்சியாகப் படவில்லை. உப்புவெளியில் தகப்பனோடு தொழிலுக்குப் போகும் நண்பர் ஒருவர், வாடைக்காலத்தில் கடலுக்குப் போகமுடியாத நாட்களில் இந்தக் கப்பலைத்தான் ஓட்டுகிறார். சூரியன் சாயும்போது தண்ணீரின் நிறம் மாறும் விதத்தைப் பற்றி அவர் சொன்னது: “எங்கட கடல் மாதிரித்தான் மாறுது, ஆனா இந்தக் கடலில உப்பு மணக்கேல்ல.”

கப்பற்சண்டையை இப்படிப் பழகுங்கள். தூரத்தில் அம்பு, அருகில் ஈட்டி, எதிரிக் கப்பல் வேகம் தளர்ந்ததும் துடுப்பு வலித்துக் குறுக்கே மோதல். எதிரி அம்பு விடும்போது தடுப்பைப் பிடித்துக்கொள்ளத் தவறாதீர்கள், கப்பலின் உயிரில் பாதி அப்படித்தான் மிஞ்சும். முதலில் மேம்படுத்த வேண்டியது கப்பலின் உடல், பிறகு அம்பு. தரையில் நல்ல போர்வீரன் ஒருவனைக் கண்டால் கொல்லாமல் மயக்கி வீழ்த்திக் கப்பலில் சேர்த்துக்கொள்ளலாம். அவனால் கப்பலின் வலு கூடும்.

அவசரம் இல்லாத நாளில் தாவிப் போகும் வசதியைப் பயன்படுத்தாமல் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு முழு வழியும் ஓட்டிப் பாருங்கள். மாலுமிகள் கிரேக்கத்தில் பாடத் தொடங்குவார்கள். எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் அதில் ஒரு பாட்டாவது வாய்ப்பாடம்.

ஏதென்சில் நுழையும் நாள்

மெகாரிசைத் தாண்டியதும் ஏதென்ஸ் இருக்கும் அட்டிக்கா பிரதேசம். ஏதென்சில் முதல் தடவை நுழைவதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்கி வையுங்கள். பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி, நகரையும் துறைமுகத்தையும் இணைத்த நெடுஞ்சுவர்களுக்கு இடையே கால்நடையாகப் போங்கள். போருக்குப் பயந்து கிராமங்களிலிருந்து வந்து குவிந்த மக்களைக் காண்பீர்கள். ஏதென்சின் தலைவர் பெரிக்ளிஸ் நாட்டுப்புறத்து மக்களை மதிலுக்குள் அழைத்ததும், நெருக்கடியான அந்த நகரில் கி.மு. 430 இல் கொள்ளைநோய் பரவியதும், அடுத்த ஆண்டு பெரிக்ளிசே இறந்ததும் வரலாறு. விளையாட்டு இவற்றைத் தன் கதைக்கு ஏற்ப வளைத்துக்கொள்கிறது என்றாலும், அந்தச் சுவர்களுக்குள் நடந்தவருக்கு நோய் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவிற்று என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்த மக்கள் ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாவட்டத்தில் பலர் அனுபவித்து அறிந்திருக்கிறார்கள். என் அம்மா அந்தக் காட்சியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு நகரின் கோயில் குன்றான அக்ரோபொலிசில் ஏறுங்கள். பார்த்தினன் கோயில் கட்டத் தொடங்கியது கி.மு. 447 இல், சிற்ப வேலைகள் முடிந்தது கி.மு. 432 இல். ஆகவே நீங்கள் பார்ப்பது வேலை முடிந்து ஓராண்டே ஆன புத்தம் புதிய கோயில். படங்களில் கண்டு பழகிய வெறும் வெள்ளைக் கற்றூண்கள் அல்ல அவை. சிவப்பும் நீலமும் பொன்னுமாக வர்ணம் பூசிய சிற்பங்கள் நிற்கின்றன. பழங்கிரேக்கச் சிற்பங்கள் வர்ணத்தோடு இருந்தன என்பது ஆய்வில் உறுதியானது. கோபுரத்து வர்ணங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கோயில் அந்நியமாகப் படாது.

என்னை அங்கே நெடுநேரம் நிறுத்தியது வேறொன்று. இந்தப் பார்த்தினன் 1687 இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. எங்கள் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததும் அதே 17 ஆம் நூற்றாண்டில்தான். அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின. தூண்கள் சுவாமிமலைக்குக் கீழே கடலடியில் கிடக்கின்றன. இடிபடுவதற்கு முன் அந்தப் பெருங்கோயில் எப்படி இருந்தது என்று சிறுவயதிலிருந்து மனதுக்குள் கட்டிக் கட்டிப் பார்த்தவன் நான். இடிந்த ஒரு கோயிலை, அதன் வாசலிலிருந்து கூரைச் சிற்பம்வரை, யாரோ பொறுமையாக ஆராய்ந்து மீண்டும் எழுப்பி, அதற்குள் என்னை நடக்கவிட்டிருக்கிறார்கள் என்ற உணர்வு வந்ததும் கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டேன். இந்த விளையாட்டின் பருமன் எதற்காக என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான். ஆகவே அங்கே போனதும் சண்டையைத் தேடாதீர்கள். நடங்கள். நின்று பாருங்கள். சோக்ரடீஸ் வழியில் நிறுத்திக் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

விட்டுவிடக்கூடியவை

ஏதென்சுக்குப் பிறகு வழிகள் பலவாகப் பிரியும். அப்போதுதான் கைவிடுவதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பிரதேசத்துக்குப் போனால் அங்குள்ள கதை வேலை, பெயருள்ள மனிதரின் ஒரு பக்கக் கதை, அந்த மண்ணுக்கே உரிய ஓர் இடம் என்று மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோக்கிசில் அது டெல்ஃபி, ஆர்கோலிசில் மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் வரும் கதையும் எபிடோரசின் மருத்துவக் கோயிலும், எலிசில் ஒலிம்பியா, லக்கோனியாவில் மதிலே இல்லாத ஸ்பார்ட்டா.

கோட்டைகளையும் முகாம்களையும் ஒவ்வொன்றாக வெறுமையாக்குவதை விட்டுவிடலாம். பத்தாவது கோட்டையில் கிடைப்பது முதலாவதில் கிடைத்ததே. ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் ஒரு பிரதேசத்துக்காக மோதும் பெரும் போர்களை இரண்டு தடவை ஆடிப் பாருங்கள், ஆரவாரமாக இருக்கும். ஆனால் யார் வென்றாலும் ஊர்மக்களின் வாழ்வில் பெரிய மாற்றம் தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் இருந்த ஏமாற்றம். கதையில் உங்கள் எதிரிகளான இரகசியக் கூட்டத்தினரின் பட்டியலை மட்டும் கைவிடாதீர்கள். ஒருவரைப் பிடித்தால் இன்னொருவரைப் பற்றிய துப்புக் கிடைக்கும். பொறுமையாக முடிச்சவிழ்ப்பவர்களுக்கு அது தனிச் சுவை.

பிரதான கதை முடிந்ததும் விரிவாக்கங்களை உடனே தொடங்க வேண்டாம். ‘முதல் கத்தியின் மரபு’, ‘அட்லாண்டிசின் விதி’ என்று இரண்டு உள்ளன, ஒவ்வொன்றும் மூன்று பகுதி. இரண்டு மூன்று வாரம் ஓய்வெடுத்துவிட்டு வந்தால் இரண்டாவதின் கற்பனை உலகம் கண்ணுக்குப் புதிதாக இருக்கும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

இந்த விளையாட்டு ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. இரத்தமும் கெட்டவார்த்தையும் தாராளமாக உண்டு. பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஆட வேண்டாம். அவர்களுக்காக 2019 செப்டெம்பரில் ‘கண்டறியும் சுற்றுலா’ என்ற தனிப்பகுதி வெளிவந்தது. விளையாட்டை வாங்கியவர்களுக்கு அது இலவசம். சண்டை முழுவதும் நீக்கப்பட்டு, அதே கிரேக்கத்தில் முப்பது சுற்றுலாக்களாக, நடந்து நடந்து கேட்கும் விளக்கங்கள் அமைந்திருக்கின்றன. வரலாற்றில் உறுதியானது எது, உருவாக்கியவர்கள் ஊகித்துச் சேர்த்தது எது என்பதையும் பல இடங்களில் பிரித்துச் சொல்கிறார்கள். சுற்றுலாவின் முடிவில் வினாக்களும் உண்டு.

ஓ.எல். படிக்கும் என் தங்கை முறையான பிள்ளை ஒருத்தி, வரலாற்றுப் பாடத்தில் ஆர்வமே இல்லாதவள், பார்த்தினன் சுற்றுலாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினாள். கோயிலின் தூண்களைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் நடந்துவிட்டு, “அண்ணா, கோணேசர் கோயிலுக்கும் இப்பிடி ஒண்டு செய்ய ஏலுமோ?” என்று கேட்டாள். நாங்கள் இருவரும் அன்று பின்னேரமே கோட்டைக்குப் போய், வாசல் சுவரில் பதிந்திருக்கும் பழைய கற்களைத் தேடித் தேடிப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.